சூடு ஏறினால் ப்ளூ டாக் பிடிக்குமா, விடுமா? 9ஆம் வகுப்புச் சோதனையில் முடிவு தாறுமாறு

அறிவியல்மன்றம்_9ஆ:

வணக்கம். அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்திருக்கும் கேள்வி: "வெப்பநிலை மாறினால் ப்ளூ டாக் எவ்வளவு நேரம் எடையைத் தாங்கும்?" சார்ட் ஒட்டும் அந்த நீலப் புட்டிதான்.

செய்த விதம் இது. 1 கிராம் உருண்டையை ஜிப் கவரில் போட்டு, 10, 20, 30, 40, 50 டிகிரித் தண்ணீரில் 10 நிமிடம் வைத்தார்கள். எடுத்ததும் சுவர் டைல்ஸில் வைத்து, கொக்கி மாட்டிய பிளாஸ்டிக் மூடியை அதன்மேல் கட்டைவிரலால் அழுத்தினார்கள். கொக்கியில் 200 கிராம் எடை. விழும் வரை ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் 5 முறை. வகுப்பறையில் 32 டிகிரி.

கருதுகோள்: சூடு கூடக் கூடத் தாங்கும் நேரம் குறையும்.

கிடைத்தது:
10 டிகிரி: ஐந்தும் ஒரு நிமிடத்துக்குள் விழுந்தன.
20: 3 முதல் 11 நிமிடம் வரை.
30: 20 நிமிடத்தை ஒட்டி.
40: அரைமணி ஆகியும் ஒன்றும் விழவில்லை.
50: இரண்டு 10 வினாடிக்குள் விழுந்தன. மூன்று அரைமணியும் நின்றன!

சூட்டில் பிடிப்பு கூடுகிறது என்று எழுதலாமா? அப்படியானால் 50இல் விழுந்த அந்த இரண்டை என்ன செய்வது? "பிழை" என்று தள்ளிவிட மனம் வரவில்லை.


பசைப்பட்டறை:

தள்ளிவிடாதீர்கள் டீச்சர். அந்த இரண்டும்தான் உங்கள் சோதனையில் எங்கே கோளாறு என்று காட்டிக்கொடுக்கின்றன.

பிள்ளைகள் அளந்ததில் தப்பில்லை, அட்டவணையின் தலைப்பில்தான் தப்பு. "50 டிகிரி" என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் அரைமணி நேரம் எடை தொங்கியதில் புட்டி 50ஐ ஒட்டி இருந்தது முதல் சில வினாடிகள்தான். 2 மி.மீ. தடிமனில் அழுத்திய ரப்பர் வகைப் பொருள் ஒன்று குளிர்ந்த டைல்ஸைத் தொட்டதும் ஏறக்குறைய அரை நிமிடத்தில் அதன் சூட்டுக்கு வந்துவிடும். டைல்ஸ் பெரியது, புட்டி 1 கிராம். யார் யாரைத் தன் வழிக்கு இழுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக ஐந்து வரிசையிலும் எடை தொங்கியது கிட்டத்தட்ட 32 டிகிரிப் புட்டியில்தான். மாறியது ஒட்டும்போது இருந்த வெப்பநிலை மட்டுமே.

இப்போது 50 டிகிரி வரிசையைப் பாருங்கள். ஒட்டிய கையோடு எடையை மாட்டியிருந்தால் புட்டி ஆறுவதற்குள், கொழகொழப்பாக இருக்கும்போதே, வழுக்கி விழுந்திருக்கும். ஒரு நிமிடம் கழித்து மாட்டியிருந்தால் சூட்டில் நன்றாகப் படிந்து பிறகு ஆறி இறுகிய புட்டி அசையாமல் நிற்கும். பிள்ளைகளிடம் கேளுங்கள், பெரும்பாலும் அந்த இரண்டு முறையும் எடை உடனே மாட்டப்பட்டிருக்கும்.

உள்ளே நடப்பது இரண்டு வேலை. இந்தப் புட்டிகள் பொதுவாகப் பாலிஐசோபியூட்டிலின் போன்ற செயற்கை ரப்பரும் கனிம எண்ணெயும் சுண்ணாம்புத் தூளும், அதாவது கால்சியம் கார்பனேட்டும், பிசைந்த கலவை. காய்ந்து இறுகும் கரைப்பான் எதுவும் இதில் கிடையாது, அதனால்தான் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. டைல்ஸ் மேற்பரப்பு கண்ணுக்குத்தான் வழவழப்பு. அதன் நுண்ணிய மேடுபள்ளங்களில் புட்டி வழிந்து இறங்கினால்தான் பிடிப்பு உண்டாகும். இது முதல் வேலை, இதற்கு மென்மை வேண்டும். எடை இழுக்கும்போது புட்டி தனக்குள்ளேயே நழுவாமல் நிற்க வேண்டும். இது இரண்டாவது வேலை, இதற்குக் கெட்டி வேண்டும். சூடு முதல் வேலைக்கு உதவி, இரண்டாவதற்கு எதிரி.

அழுத்தினால் ஒட்டும் பசைகளுக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்குவிஸ்ட் 1960களில் சொன்னது: பொருளின் விறைப்பு சுமார் 3,00,000 பாஸ்கலுக்குக் கீழே இருந்தால்தான் லேசாக அழுத்தியவுடன் மேற்பரப்பில் படிந்து ஒட்டும். குளிரக் குளிர விறைப்பு ஏறும், படிவது குறையும். உங்கள் 10 டிகிரி உருண்டைகள் பட்டென்று விழுந்ததில் இதற்குப் பங்கு உண்டு. இன்னொரு பங்கு ஈரத்துக்கு. குளிர்ந்த புட்டியைக் கவரிலிருந்து வெளியே எடுத்த உடனே காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். அந்த மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்வரை புட்டி டைல்ஸைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே ஒரு வெப்பநிலையை மாற்றுவதற்குப் பதில் இரண்டைத் தனித்தனியாக மாற்றுங்கள், ஒட்டும்போது ஒன்று, தொங்கும்போது ஒன்று. 25, 45 என்று இரண்டே அளவு போதும், நான்கு சேர்க்கை வரும்:

25இல் ஒட்டி 25இல் தொங்கவிடுவது.
25இல் ஒட்டி 45இல் தொங்கவிடுவது.
45இல் ஒட்டி 25இல் தொங்கவிடுவது.
45இல் ஒட்டி 45இல் தொங்கவிடுவது.

மூன்றாவதுதான் அதிக நேரம் தாங்கும் என்று எதிர்பார்க்கலாம். 45இல் தொங்கும் இரண்டும் சீக்கிரம் விழ வேண்டும். பிள்ளைகளின் கருதுகோள் தொங்கும் வெப்பநிலைக்குச் சரி, ஒட்டும் வெப்பநிலைக்குத் தலைகீழ்.

ஒவ்வொரு முறை விழுந்ததும் இன்னொன்றையும் குறிக்கச் சொல்லுங்கள்: புட்டி எங்கே விட்டது? ஒரு பக்கம் சுத்தமாக உரிந்து மறுபக்கத்தில் மொத்தமும் இருந்தால் விட்டது மேற்பரப்புப் பிடிப்பு. இரண்டு பக்கமும் நீலம் ஒட்டியிருந்து நடுவில் நூல் நூலாக இழுபட்டிருந்தால் அறுந்தது புட்டியின் உள்பிடிப்பு. குளிரில் முதல் வகை, சூட்டில் இரண்டாம் வகை அதிகம் வரும். நேரத்தை விட இந்தக் குறிப்புதான் காரணத்தைப் பேசும். போட்டோ எடுத்துச் சார்ட்டில் ஒட்டினால் வருகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள்.


யாழ்_பௌதிகம்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்தக் கொக்கி மூடியை முதலில மாத்துங்கோ ரீச்சர். கொக்கி சுவரில இருந்து ஒண்டரை சென்ரிமீற்றர் வெளியால நிண்டால், பாரம் புட்டியைக் கீழ இழுக்கிறது மட்டுமில்லை, நெம்புகோல் மாதிரி மேல் விளிம்பை உரிக்கவும் செய்யும். உரியிறது வேற, வழுக்கிறது வேற. ரெண்டும் கலந்தால் ஒரே வெப்பநிலையிலேயே 3 நிமிசம், 11 நிமிசம் எண்டு சிதறும்.

விலை கூடின சாமான் ஒண்டும் தேவையில்லை. தட்டையான பக்கமுள்ள, தண்ணி கசியாமல் பூட்டுற எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டி ஒண்டு எடுங்கோ, ஒரு லீற்றர் கொள்ளக்கூடியது நல்லது. அதுக்குள்ள வேண்டிய சூட்டில தண்ணியை விளிம்பு மட்டும் நிரப்பிப் பூட்டினால் பெட்டியின்ர வெளிப்பக்கம்தான் உங்கட "சுவர்". புட்டி நனையாது, சூடும் கன நேரம் நிக்கும்.

ஒளி ஊடுருவுற பிளாஸ்ரிக் அடிமட்டத்தில 20 மி.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கீழ் நுனியில நடுவாக ஒரு ஓட்டை போடுங்கோ. இரும்பு அடிமட்டம் வேண்டாம். அது சூட்டை வெளியால கடத்திப் புட்டியைக் குளிரப்பண்ணும். பிளாஸ்ரிக்கில இன்னொரு வசதி, உள்ள காத்துக் குமிழி இருந்தால் கண்ணுக்குத் தெரியும். நல்லா ஒட்டின இடம் கடும் நீலமாகவும் குமிழி வெளிர் வட்டமாகவும் இருக்கும். வட்டம் பெரிசாக இருந்தால் அந்தத் தடவையை விட்டிட்டுத் திரும்ப ஒட்டுங்கோ.

ஒட்டிற முறை: பெட்டியையும் பிளாஸ்ரிக் துண்டையும் சவர்க்காரத்தால கழுவி, ஸ்பிரிற்றால துடைச்சுக் காயவிடுங்கோ. பெட்டியைப் பக்கவாட்டில படுக்க வைச்சு, மேல் பார்க்கிற பக்கத்தில 20 மி.மீ.க்கு 20 மி.மீ. சதுரம் கீறுங்கோ. சதுரத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே தடிப்பான நெருப்புக்குச்சி ஒவ்வொண்டு, ஏறக்குறைய 2 மி.மீ. இருக்கும். நடுவில புட்டி, மேல பிளாஸ்ரிக் துண்டு, அதுக்கு மேல ஒரு லீற்றர்த் தண்ணிப் போத்தல். 60 செக்கன் எண்ணிப் போத்தலை எடுங்கோ. குச்சியை உருவிப்போட்டு, பிதுங்கி வந்ததை பிளேட்டால வெட்டி எடுங்கோ. கட்டைவிரலை நம்பக்கூடாது. ஒவ்வொரு பிள்ளையின்ர விரலும் ஒவ்வொரு அழுத்தம், போதாததுக்கு விரல் தன்ர சூட்டையும் குடுக்கும்.

பிறகு பெட்டியை மேசை விளிம்பில அரைச் சென்ரிமீற்றர் வெளியால தெரியிற மாதிரி நிமித்தி வையுங்கோ. ஓட்டையில நூல், நூலில போத்தல். பாரம் எவ்வளவு எண்டு நான் சொல்ல மாட்டன். புட்டிக்குப் புட்டி மாறும். நடு வெப்பநிலையில 5 தொடக்கம் 10 நிமிசத்தில விழுகிற மாதிரிப் போத்தலில தண்ணியைக் கூட்டிக் குறைச்சுப் பார்த்து, அந்தப் பாரத்தையே கடைசி மட்டும் வைச்சிருங்கோ. 1 மி.லீ. தண்ணி 1 கிராம், போத்தலையும் சேர்த்து நிறுங்கோ. உதாரணமாக 300 கிராம் எண்டால் விசை 2.94 நியூட்டன், பரப்பு 0.0004 சதுர மீற்றர், தகைப்பு 7350 பாஸ்கல். இதை எழுதினால் வேற பள்ளிக்கூடப் பிள்ளையளும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெறும் "300 கிராம்" எண்டால் ஒப்பிட ஏலாது.

சூட்டை அளக்க அதே பருமனில இன்னொரு புட்டித் துண்டைப் பக்கத்தில ஒட்டி, அதுக்குள்ள வெப்பமானியின்ர மெல்லிய கம்பியைச் செருகி வையுங்கோ. உள்ள இருக்கிற தண்ணி 50 எண்டால் புட்டி ரெண்டு மூண்டு பாகை குறைவாக நிக்கலாம். எழுத வேண்டியது புட்டியின்ர சூட்டை. அது 2 பாகைக்கு மேல இறங்கினால் அந்தத் தடவையை நிப்பாட்டுங்கோ. பெட்டியின்ர மற்ற மூண்டு பக்கத்தையும் ரெஜிபோமால (உங்கட ஊரில தெர்மோகோல்) மூடினால் நல்லாத் தாக்குப் பிடிக்கும்.

குளிர்ப் பக்கம்தான் கரைச்சல். கரையோர ஊருகளில காத்தின்ர பனிநிலை 24, 25 பாகை சாதாரணம். அதுக்குக் கீழ போனால் பெட்டி வேர்க்கும். வேர்த்த பெட்டியில ஒட்டினால் நீங்கள் அளக்கிறது தண்ணியை. 10 பாகை வேணுமெண்டால் முதல் 30இல ஒட்டிப்போட்டுப் பிறகு பெட்டிக்குள்ள ஐஸ் தண்ணி விடுங்கோ. ஓரத்தில வேர்வை வந்தாலும் புட்டிக்கு அடியில உடன போகாது. "குளிரில ஒட்டிறது" எண்ட பகுதியை 25க்குக் கீழ கொண்டுபோகாமல் விடுறது புத்தி.


அறிவியல்மன்றம்_9ஆ:

இருவருக்கும் நன்றி. பிள்ளைகளைக் கேட்டேன். 50இல் விழுந்த இரண்டும் உடனே மாட்டியவை. மற்ற மூன்றுக்கும் எடையைத் தேடி எடுத்துவர நேரமாகியிருக்கிறது!

இன்னும் மூன்று சந்தேகம். அரைமணியில் விழாததை அட்டவணையில் 30 என்று போட்டுச் சராசரி எடுக்கலாமா? புட்டி ஒரே ஒரு பாக்கெட்தான் இருக்கிறது, அதையே திரும்பப் பிசைந்து பயன்படுத்தலாமா? ஃப்ரீசரில் வைத்தும் பார்க்க ஆசைப்படுகிறார்கள், அர்த்தம் உண்டா?


கிராஃப்தாள்:

30 என்று போடாதீர்கள். "30+" என்று போடுங்கள். 30 என்றால் 30ஆவது நிமிடத்தில் விழுந்தது என்று பொருள், அது நடக்கவில்லை. அப்படிப் போட்டுச் சராசரி எடுத்தால் நன்றாகத் தாங்கும் வரிசைக்குத்தான் மதிப்பு குறையும். ஐந்தையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் உள்ள மூன்றாவதை எடுங்கள், அதாவது இடைநிலை. 4, 6, 9, 22, 30+ என்றால் இடைநிலை 9. கடைசி ஒன்று அரைமணியா ஒரு நாளா என்பது கணக்கைக் கெடுக்காது. 9ஆம் வகுப்புப் புள்ளியியலில் இருக்கும் பாடம்தான், பிள்ளைகளே செய்வார்கள். ஐந்தில் மூன்று நின்றுவிட்டால் மட்டும் இடைநிலையும் "30+" ஆகிவிடும். அப்போது பாரத்தைக் கூட்டி முழுத் தொகுதியையும் திரும்பச் செய்ய வேண்டும்.

கிராஃபில் ஒரு சிக்கல் வரும். சூட்டில் வினாடிகள், குளிரில் மணிக்கணக்கு. சாதாரணத் தாளில் பாதிப் புள்ளிகள் அடியில் ஒட்டிக் கிடக்கும். நிமிட அச்சில் சம இடைவெளிக்கு 0.1, 1, 10, 100 என்று பத்து மடங்காகக் குறியுங்கள். மடக்கைத் தாள் என்று பெயர் சொல்லாமலே பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிடலாம். நேர்கோடு வரவில்லையே என்று வளைக்கவும் வேண்டாம், வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒரே புட்டியைத் திரும்பப் பயன்படுத்துவதில் வரிசைதான் பொறி. 25இல் தொடங்கி 55 வரை ஏறிக்கொண்டே போனால், கடைசியில் பிடிப்பு குறைந்தது சூட்டாலா, பதினைந்து முறை பிசைந்து விரல் எண்ணெயும் தூசியும் ஏறியதாலா என்று பிரிக்க முடியாது. வெப்பநிலைகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து அந்த வரிசையில் செய்யுங்கள். பாக்கெட்டை முதலிலேயே சம எடைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, எந்தத் துண்டு எத்தனையாவது முறை என்று ஒரு கட்டம் சேருங்கள். முதலில் செய்த 30 டிகிரிச் சோதனையைக் கடைசியில் ஒரு முறை திரும்பச் செய்து பாருங்கள். அதே நேரம் வந்தால் புட்டி மாறவில்லை. வரவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் குறையாது. "அறை வெப்பநிலை" என்று எங்கும் எழுத வேண்டாம், நம் ஊரில் அது ஜனவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று. எண்ணாகப் போடுங்கள்.


பசைப்பட்டறை:

ஃப்ரீசர் நல்ல யோசனைதான், ஆனால் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். மைனஸ் 18இல் புட்டி கல் போல விறைக்கும், மெதுவாக இழுத்தால் அசையாது, விரலால் சுண்டினால் மொத்தமாகத் தெறித்து விழும். கண்ணாடி போல உடையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாலிஐசோபியூட்டிலின் கண்ணாடியாக மாறும் வெப்பநிலை மைனஸ் 70 டிகிரியை ஒட்டி இருக்கிறது, வீட்டு ஃப்ரீசர் அந்தப் பக்கமே போகாது. எனவே ஃப்ரீசரில் "எவ்வளவு நேரம் தாங்கும்" என்று காத்திருப்பது வீண். "மெதுவாக இழுத்தால், வெடுக்கென்று இழுத்தால்" என்று ஒப்பிடுங்கள். அறைச் சூட்டிலேயே இதன் சாயலைக் காட்டலாம். ஒரு உருண்டையை மெல்ல இழுத்தால் நூலாக நீளும், வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று அறுந்து முனை மழுங்கலாக நிற்கும். வேகமாக இழுப்பதும் குளிர வைப்பதும் இந்தப் பொருளுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மேசையில் செய்துகாட்ட ஏற்ற பகுதி இதுவே, 5 வினாடியில் முடியும்.

மேல் எல்லையை 55இல் நிறுத்துங்கள். 60ஐத் தாண்டிய தண்ணீர் பிள்ளைகளின் கையைச் சுடும், புட்டியிலிருந்து எண்ணெயும் கசியத் தொடங்கலாம். மெழுகுவத்தி, ஹேர் டிரையர், மைக்ரோவேவ் மூன்றும் வேண்டாம். மேலே உருகும், உள்ளே ஆறியிருக்கும், எந்த வெப்பநிலை என்று எழுத முடியாது. எண்ணெய் கசிவதையே தனிச் சோதனையாகக் காட்டலாம். ஒரே எடையுள்ள துண்டுகளை வெள்ளைத்தாளில் ஒட்டி, ஒன்றை நிழலிலும் ஒன்றை வெயில் படும் ஜன்னலிலும் ஒரு வாரம் வையுங்கள். தாளின் பின்புறம் தெரியும் எண்ணெய் வட்டத்தின் குறுக்களவை நாள்தோறும் மி.மீ.யில் குறித்தால் போதும். கோடையில் சுவரில் சார்ட் இருந்த இடத்தில் கறை ஏன் விழுகிறது என்பதற்கும் அதுவே பதில்.

கூடுதல் பாக்கெட் வாங்கப் போனால் "புட்டி" என்று மட்டும் கேட்காதீர்கள். பெயிண்ட் கடையில் சுவர்ப் பட்டியைத் தருவார்கள், ஹார்டுவேர் கடையில் எம்-சீலைத் தருவார்கள். எம்-சீல் எபாக்ஸி, கலந்தால் வேதிவினை நடந்து நிரந்தரமாக இறுகிவிடும். டிபன் பாக்ஸ் போனதுதான் மிச்சம். ஸ்டேஷனரி கடையில் ப்ளூ டாக் அல்லது டாக்-இட் என்று கேளுங்கள், ஆனால் ஒரு சோதனைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள். நீலம் ஏன் என்று யாராவது பிள்ளை கேட்டால்: ப்ளூ டாக் முதலில் வெள்ளையாகத்தான் இருந்தது, குழந்தைகள் சூயிங்கம் என்று வாயில் போட்டுவிடக் கூடாதே என்று நிறம் சேர்த்தார்கள்.

பெட்டியில் ஒட்டிய மிச்சத்தைச் சுரண்ட வேண்டாம். உள்ளே ஐஸ் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு, விளிம்பைத் தூக்கினால் தகடாக உரிந்து வரும். அப்படியும் போகாத நீலப் பொடியைப் புதுப் புட்டி உருண்டையால் ஒற்றி எடுங்கள்.